சாமானுக்கு இடம் கிடையாது

போன வாரம் ஒரு காலையில் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் வந்தேன். எதிர்வரிசையில் இருந்த சீனக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. புருஷன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெண்சாதி பின்னால் ஒரு பிரம்புக் கூடையை வைத்துக் கட்டினாள். ஒரு பாய்ச்சுருள், ஒரு இரும்புச் சட்டி, கூண்டில் இரண்டு கோழி. தீர்ந்தது. நான் சோற்றை வடிப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்கள். இதற்குப் பெயர் வீடு மாறுவதாம்! எங்கள் தென்காசியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் குடிபோவதென்றால் நல்ல நாள் பார்க்க வேண்டும், இரண்டு மாட்டுவண்டி பேச வேண்டும், முதல் வண்டியில் குத்துவிளக்கும் உப்பும் மஞ்சளும் போக வேண்டும், கடைசி வண்டியில் ஆட்டுரலை ஏற்றும்போது நாலு ஆண்பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொள்ள வேண்டும். இந்த மலாய் நாட்டுக்கு வந்து இவ்வளவு காலமாகியும் இந்த ஒரு சங்கதி மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

முன்பெல்லாம் பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டினால் திட்டட்டும், எனக்கு வேண்டியதுதான். என்னைப் போலக் கடல் தாண்டி வந்து குடும்பம் நடத்துகிற பெண்களுக்குப் பாதி சங்கதி சொல்லாமலே விளங்கும்.

நான் இந்த நாட்டுக்குப் புதுப்பெண்ணாக வந்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் கிராணி வேலை. அதாவது குமாஸ்தா. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அந்தப் படகில் என் சீர்ப் பாத்திரம் மொத்தமும் வந்தது. அண்டா, தவலை, மூன்று குடம், குத்துவிளக்கு, செம்பு, கிண்ணி, போதாக்குறைக்கு அம்மியும் குழவியும். படகுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். பினாங்கில் இறங்கியபோது சுங்கத்தில் ஒரு அதிகாரி சாக்கைப் பிரித்தான். குழவியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சாமி?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஆமா, சாமி, சாமி" என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எங்கள் மூட்டை எதையும் யாரும் தொடவில்லை. நான் தினமும் தேங்காய்ச் சம்பல் அரைக்கிற கல்லுக்கு ஒரு வெள்ளைக்காரன் தொப்பி கழற்றியிருக்கிறான். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம்.

சிரிப்பு இருக்கட்டும். அத்தனை பித்தளையையும் ஏன் தூக்கி வந்தேன் என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நம் பக்கத்துப் பெண்கள் கேட்க மாட்டார்கள். சீர்ப் பாத்திரம் இல்லாமல் புருஷன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் அது வாழப் போனதில் சேராது. வேலைக்குப் போனவளுக்கும் வாழப் போனவளுக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பித்தளைதான். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒருத்தியிடம் இதையே பூட்டாகப் போட்டேன்.

அவள் பெயர் உலகம்மாள். என் அண்ணன் சங்கரலிங்கத்தின் பெண்சாதி, எனக்கு மதினி. வயதில் இரண்டு பேரும் ஒன்றுதான். அண்ணன் எனக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டான். எங்கள் ஸ்டேஷனில்தான் அவனுக்கும் வேலை. அம்மா அழுது அடம்பிடித்து அவனை ஊருக்கு வரவழைத்துக் கல்யாணம் செய்துவைத்தாள். சாரல் பெய்கிற ஆனி மாதம் முகூர்த்தம். ஆடி, ஆவணி வரை இருந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் குற்றால அருவிக்கும் ஐந்தருவிக்கும் குதிரைவண்டி கட்டிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. லீவு முடிந்ததும், "வீடு பாத்துட்டு கூப்பிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். மதினி எங்கள் அம்மாவோடு தங்கிவிட்டாள்.

மறுவருஷம் எனக்குக் கல்யாணமாகி நான் இங்கே வந்து இறங்கியபோது, ஸ்டேஷனில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு சீனத்தி நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை. என் அம்மியைப் பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தாள். பிறகு பிள்ளையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அம்மிச் சாக்கின் ஒரு முனையை அவளே பிடித்துத் தூக்கினாள். யாரோ வேலைக்காரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு அண்ணனுடைய மூக்கு.

"எப்பம் இருந்துண்ணே?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே. அம்மைட்ட சொல்ல தைரியம் வரல. நீயும் சொல்லிராத கோமதி" என்றான். கண் கலங்கியிருந்தது. சின்ன வயசிலிருந்தே தப்புச் செய்துவிட்டுக் கலங்குவதில் கெட்டிக்காரன்.

அவள் பெயர் ஆ மூய். அவளை வெறுக்க வேண்டும் என்று நான் மெனக்கெட்டு முயற்சி செய்தேன். மதினி முகத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்து பார்த்தேன். முடிந்தால்தானே! எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று மழை கொட்டியது. என் வீட்டுக்காரர் டூட்டியில் இருந்தார். சேற்றில் ஓடி மருத்துவச்சியை இழுத்துவந்தது அவள்தான். என் மகளை முதலில் கையில் வாங்கியதும் அவள்தான். எனக்கு இஞ்சி போட்டு எதையோ கறுப்பாகக் காய்ச்சிக் கொடுத்தாள். என்னவென்று கேட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை, நான் கேட்டது அவளுக்குப் புரியவில்லை, குடித்துவிட்டேன். அவள் பேசுவது கடைத்தெரு மலாய், நடுநடுவே சீனம். நான் பேசுவது பாதி மலாய், மீதி தென்காசி. புரிந்த இடத்தில் சிரிப்போம். புரியாத இடத்தில் நான் "யா, யா" என்று தலையாட்டிவிடுவேன். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அண்ணன் தாலி கட்டியவளை மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டு வளர்ந்த உறவு. இவளும் முறைக்கு மதினிதான், ஆனால் அப்படிக் கூப்பிட ஒருநாளும் வாய் வரவில்லை. பெயரைச் சொல்லியே சமாளித்தேன்.

சில வருஷத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்ப் படுக்கையானாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அம்மா இல்லை, பித்தளை. முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. மதினி தன் சீர்ப் பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துத் தயாராக வைத்திருந்தாள். பக்கத்தில் பூட்டிய டிரங்குப் பெட்டி. அண்ணன் என்னை அனுப்பியது தன்னைக் கூட்டிப்போகத்தான் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள்.

"இந்த அண்டா அங்கத்த அடுப்புக்கு ஒக்குமாட்டி?" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டாள்.

உள்ளே அம்மா படுத்திருந்தாள். உடம்பில் ஒரு புண் கிடையாது. தலை வாரி, வேட்டித் துணி விரித்து, சுத்தமாகப் படுத்திருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷியை அப்படி வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? அதைப் பார்த்த மாத்திரத்தில் என் புத்தி கணக்குப் போட்டுவிட்டது. மதினி கப்பலேறிவிட்டால் அம்மாவை யார் பார்ப்பது? ஆ மூய் விஷயத்தை மறைக்க ஒரு பொய் வேண்டியிருந்தது, அது உண்மைதான். ஆனால் அதோடு சேர்த்து, அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பொய்யாகப் போனது.

"மதினி, டெக்குல போற ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கு மேல விடமாட்டான். பித்தளையெல்லாம் ஏத்தவே கூடாதுங்கான். சாமானுக்கு எடமே கிடையாது" என்றேன்.

"நீ அம்மியவே கொண்டுட்டுப் போனியே?"

"அது அப்பம். இப்பம் சட்டத்த மாத்திட்டான். குவாட்டர்ஸும் கோழிக்கூடு மாதிரி இருக்கு. பெரிய வீடு கிடைக்கட்டும், அண்ணனே வந்து கூட்டிட்டுப் போவான். சீர்ச் சாமான் இல்லாம நீங்களும் வர முடியாதுல்லா?"

இந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதைத்தான் நான் மலையாக நம்பினேன். நம் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அதற்கு, "வருவேன்" என்று சொல்ல மாட்டாள். மதினியும் சொல்லவில்லை. முற்றத்தில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி பரணில் அடுக்கினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா அதற்குப் பிறகும் சில வருஷம் மதினி கையால் கஞ்சி குடித்துக் கிடந்து, போன ஆடிக்கு முந்தின ஆடியில் போய்ச் சேர்ந்தாள். சாவுக்கு எங்களால் போக முடியவில்லை. செய்தி வந்தபோதே காரியம் முடிந்திருந்தது. தலைத்திவசத்துக்காவது மகன் போக வேண்டாமா? அண்ணன் முடியாதென்று உட்கார்ந்துவிட்டான்.

"நான் போனா உலகு கூடவே கெளம்பிருவா. நீ போ கோமதி. நீ பேசுனா கேப்பா" என்றான்.

"எத்தன தடவண்ணே நான் பேச?" என்று கத்தினேன். கத்திவிட்டுப் போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

இந்த முறை சட்டென்று போய்ச் சட்டென்று திரும்புவதாகத் திட்டம். மகளை ஆ மூய் வீட்டில் விட்டேன். டிரங்குப் பெட்டி வேண்டாம், ஒரே ஒரு துணிப்பை, அதில் மூன்று சேலை. ஆ மூய்தான் மடித்து வைத்தாள். அண்ணனுக்கு ஊரில் மூத்த தாரம் உண்டு என்று அவளுக்கு எப்போதோ தெரியும். அவர்கள் வழக்கத்திலும் முறைப்படி கல்யாணம் செய்தவள்தான் மூத்தவள். மதினியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மரியாதையாகக் "காக்கா" என்பாள். மலாயில் அக்கா என்று அர்த்தம். அன்று துணி மடித்துக்கொண்டே காக்கா, காக்கா என்று நீளமாக எதையோ கேட்டாள். என் அம்மா செத்ததைச் சொன்னாள், வீட்டைக் காட்டினாள், கையை அகல விரித்தாள். மதினிக்கு ஆறுதல் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்து, "யா, யா" என்றேன். அவள் கடைசிச் சேலையையும் மடித்துப் பையில் வைத்துவிட்டு, தானும் தலையை ஆட்டினாள்.

நான் ஒற்றைப் பையோடு தெருவுக்குள் நுழைந்ததும், "கப்பல்ல வந்தவ கைய வீசிட்டு வந்திருக்கா பாருங்களேன்!" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் போனதும் தானாகவே பரணைப் பார்த்தேன். காலி. கும்பா முதல் அண்டா வரை ஒன்றுமில்லை. தூசி தட்டிச் சுத்தமாக இருந்தது.

"பாத்திரமெல்லாம் எங்க மதினி?"

"கீழப்பாவூர்ல தங்கச்சிக்கு கல்யாணம் வந்துதுல்லா, அவளுக்கு குடமும் விளக்கும் குடுத்துட்டேன். மிச்சத்த கடையில போட்டுட்டேன்." குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "நீதானட்டி சொன்ன, ஏத்த விடமாட்டான்னு."

யார் வீட்டுப் பெண்ணும் செய்ய மாட்டாள் என்று நான் நம்பிய காரியத்தைச் செய்துவிட்டு, அவள் எனக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

திவசத்தன்று குற்றாலத்துக்குப் போனோம். மகன் வராததால் சித்தப்பா மகன் ஒருத்தன் திதி கொடுத்தான். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது ஐயர், "தலைச்சன் பையன் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டார். பிறகு நானும் மதினியும் அருவியில் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தோம். தண்ணீர் முதுகில் விழுகிற வேகத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காது. எனக்கு அன்று அப்படி ஒரு மறதி வேண்டியிருந்தது. கரையேறித் தலை துவட்டும்போது மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அருவிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அவள் கேட்டது சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அத்த போயாச்சு. இனி நான் இங்கன யாருக்குக் காவல் இருக்கேன்? என்னையும் கூட்டிட்டுப் போட்டி கோமதி. ஒரு பெட்டி போதும் எனக்கு."

"பெட்டியா? அதுக்கும் இப்பம் கெடுபிடி மதினி" என்று நானும் கத்தினேன். "போன தடவ மாதிரி இல்ல. பெட்டிய கொண்டா, தொறன்னு உயிர எடுக்கான். ஒத்தப் பையோட நானே வந்திருக்கேன் பாருங்க."

அவள் ஈரத் தலையை உதறி முடிந்துகொண்டாள். பிறகு, "அப்பஞ்சரி, மூட்டையா கட்டிக்கிடுதேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் வாங்கி உடுத்தாமல் வைத்த சேலைகள், அண்ணனுக்கென்று எடுத்த எட்டுமுழ வேட்டி, தலையணை உறை. ஒவ்வொன்றாக எடுத்துத் தெருப் பெண்களுக்குக் கொடுத்தாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே கொடுத்தாள், புருஷன் வீட்டுக்குப் போகிறேன் என்று. அவர்களும் கன்னத்தைத் தடவி வாழ்த்தினார்கள். மிச்சத்தை ஒரு மூட்டையாகக் கட்டினாள். நான் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து, "கனக்கே மதினி" என்றேன். அடுத்த நாள் அது பாதியாகியிருந்தது. அதையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். எப்பேர்ப்பட்ட பாவி நான்! உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பேன், அம்மா படுத்திருந்த மூலை கண்ணில் படும், மூடிக்கொள்வேன். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் கடைசியாக, "இந்த தடவ வேண்டாம் மதினி. நான் முன்னால போயி எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணுதேன்" என்றேன். அவள் எழுந்துபோய் எனக்கு வழிக்குப் புளிச்சோறு கிளறினாள். காலையில், "நான் டேசனுக்கு வரல, கோயிலுக்குப் போறேன்" என்று சொல்லி எனக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பினாங்குக்குப் போகிற ஒரு ராவுத்தர் குடும்பம் கடையநல்லூரில் ஏறுவதாக ஏற்பாடு. அவர்கள் துணையோடுதான் நான் கப்பலேற வேண்டும். தென்காசி ஸ்டேஷனில் சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் கால் வைத்தேன். மதினி நின்றுகொண்டிருந்தாள். ஆள் ஏதோ திடீரென்று பருத்தது போல் இருந்தது. கிட்டே போனபிறகுதான் தெரிந்தது, உள்ளே கல்யாணத்துக் கூறைச்சேலை, அதன் மேல் சுங்குடிச் சேலை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்தியிருந்தாள்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "மாத்துச் சேலையவும் உடுத்திட்டு வந்துட்டேன். பெட்டி கிடையாது, மூட்டை கிடையாது. டிக்கட்டுக்குப் பித்தள வித்தது முந்தியில முடிஞ்சிருக்கேன். இனி எந்தச் சட்டக்காரன் என்ன சொல்லுவான்? கூட்டிட்டுப் போவலாம்லா?"

வண்டி வந்து நின்றுவிட்டது. ஏறுகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணனுக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள், சீனத்தி, இரண்டு பிள்ளைகள், உங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. சொல்லி முடித்தபோது எனக்குத்தான் அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"நல்லவேள." மேல்சேலையின் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒனக்குத் தெரியும்."

நான் துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

"மொதத் தடவ வந்தப்பமே சொல்லிருந்தியன்னா பித்தளையாவது மிஞ்சிருக்கும்" என்றாள்.

கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். கார்டு பச்சைக் கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கம் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, அவுக வீடு வேண்டாம். ஒன் வீட்டுக்கு வாரேன். ஒங்கம்மைய நான் பாத்தேன்லா, எனக்கு ஒரு மூலை குடு. தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன், எந்த முகத்தோட திரும்பிப் போவேன்?" என்றாள்.

என் வீட்டில் பின்கட்டு இருக்கிறது. விறகும் பழைய சாக்கும்தான் அதில் கிடக்கிறது. அது அந்த நேரத்தில் என் கண் முன்னால் நன்றாகத் தெரிந்தது. பின்கட்டு ஜன்னலைத் திறந்தால் ஆ மூயின் கொல்லை தெரியும் என்பதும் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சோறு பொங்குவேன்?

"எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டு எழுதுதேன் மதினி" என்றேன்.

"ஏறு, வண்டி போயிரும்" என்று சொல்லி, நான் ஏறியபிறகு கதவை அவளே சாத்தினாள். வண்டி நகர்ந்தது. அவள் வாசல் பக்கம் போகவில்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இரண்டு சேலை உடுத்தியிருந்ததால் உட்காரச் சிரமப்பட்டாள். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. கடையநல்லூரில் ராவுத்தர் வீட்டுப் பெண்கள் மூட்டை முடிச்சோடு ஏறி, "ஒங்களுக்கு இம்புட்டுத்தான் சாமானா? கொடுத்து வச்சவுக!" என்றார்கள்.

பினாங்கில் இறங்கி, படகில் எதிர்க்கரையில் இருக்கிற பிறை என்ற ஊருக்குப் போய் ரயில் பிடித்து எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கியபோது, என் வீட்டுக்காரர், அண்ணன், பிள்ளைகள், ஆ மூய் எல்லாரும் நின்றார்கள். ஆ மூய் தலையைப் படிய வாரிப் புதுச் சட்டை போட்டிருந்தாள். என் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஆ மூய் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் இறங்கிய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த பெட்டிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"காக்கா மானா?" என்று கேட்டாள். அக்கா எங்கே?

எனக்கு உடனே விளங்கவில்லை. என் வீட்டுக்காரர்தான், "ஒன் மதினி வரலியா? நீ கூட்டிட்டு வாரேன்னு சொன்னதா இவ வீடு வீடாச் சொல்லிட்டுத் திரிஞ்சாளே! நானும் நம்ம பின்கட்ட ஒழிச்சு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்" என்றார். துணி மடித்துக்கொண்டே அவள் அவ்வளவு நீளமாகக் கேட்டது இதைத்தான். நான் "யா, யா" என்றதும் இதற்குத்தான். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றான்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மாட்டுவண்டி நின்றது. ஆ மூய் பேசி வைத்திருந்த வண்டி. அடியில் வைக்கோல் பரப்பி, கட்டுவதற்குக் கயிறும் வைத்திருந்தாள். நான் முதன்முதலில் வந்த அன்று அண்டாவும் அம்மியுமாக இறங்கியதைப் பார்த்தவளல்லவா? தமிழச்சி வாழ வந்தால் பித்தளை நிறைய வரும், தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வண்டிக்காரன் இறங்கிவந்து, "பாராங் எங்கே, ஏற்றலாமா?" என்று கேட்டான். அவன் கேட்டது சாமானை. ஆ மூய் என் தோளிலிருந்து அந்தத் துணிப்பையை மெதுவாக வாங்கினாள். வண்டி நடுவில் வைக்கோல் மேல் அதை வைத்தாள். பிறகு, விழுந்துவிடக் கூடாதென்று நினைத்தாளோ என்னவோ, கயிற்றை எடுத்து அதைச் சுற்றிக் கட்டினாள்.